கன்னிமார் ஓட்டல்

எங்கள் ஊரில் ஓட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். தங்குகிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். கல்யாணத்துக்கு வந்து தங்கினால் மண்டபம், காவடி எடுத்து வந்து தங்கினால் மடம் அல்லது சத்திரம், பழனியில் தேவஸ்தானத்துக்குக் காசு கட்டித் தங்கினால் தண்டபாணி நிலையம். இந்த ஒழுங்கு நெய்க்காரப்பட்டியில் இன்றுவரை குலையவில்லை. ஆகவே ஒருத்தன் ஊருக்கு வந்து "மெட்ராஸ்ல ஓட்டல்ல தங்கினேன்" என்று பெருமையடித்தால், பாவம், பரோட்டா மேசைக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பான்போல என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

நான் அப்படித்தான் மாட்டினேன். தங்கக்கூட இல்லை, ஒரு புத்தகக் கூட்டத்துக்குப் போய், காபி குடித்துவிட்டு வந்தவன். கூட்டம் எங்கே என்று அமுச்சி, அம்மாவைப் பெற்றவள், கேட்டாள். கன்னிமாரா ஓட்டல் என்றேன்.

"கன்னிமார் பேர்ல ஓட்டல் வச்சுருக்கானா? நல்ல மனுசனாத்தான் இருப்பான். உள்ளாற ஏழு கல்லும் இருக்குதா கண்ணு?"

"கன்னிமார் இல்லீங் அமுச்சி, கன்னிமாரா. வெள்ளக்காரன் பேரு."

"வெள்ளக்காரனுக்கு எதுக்குடா நம்ம சாமி பேரு?"

வாய்க்கால் மேட்டில், குளத்தங்கரையில், கரும்புக்காட்டு ஓரத்தில் ஏழு கல்லை வரிசையாக நட்டு மஞ்சள் பூசி வைத்திருப்போமே, அவர்கள்தான் எங்கள் கன்னிமார். எங்களுக்கு மேற்கே, பரம்பிக்குளம் காட்டில் ஒரு கிழட்டுத் தேக்கு நிற்கிறது. அதற்கும் கன்னிமாரா தேக்கு என்றே பெயர். அந்த மரத்துக்காவது கன்னிகளோடு உறவு உண்டு. ஓட்டலின் கன்னிமாரா, அயர்லாந்தின் மேற்குக் கரையில் பாறையும் சதுப்புமாகக் கிடக்கிற ஒரு சீமையின் பெயர். கன்னிகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தச் சீமையின் பெயரைப் பட்டமாகச் சுமந்த கவர்னருக்குப் பெண்கள் விஷயத்தில் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. அது பிறகு.

அமுச்சி கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் ஊர்ப் பெயருக்கு உரை எழுத வேண்டியதில்லை. நெய்க்காரர்கள் பட்டி, முடிந்தது. மவுண்ட் ரோட்டை ஒட்டி நிற்கிற இந்த ஓட்டலின் பெயருக்கோ இரண்டு தலைமுறைக் குடும்பக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கதை 1854-ல் தொடங்குகிறது. அன்றைய மெட்ராசில் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நின்றுகொள்ளும். மசூலா படகில் ஏறி, அலைக்கு அலை எகிறி, கடைசியில் ஓர் ஆளின் தோளில் உட்கார்ந்து கரைக்கு வர வேண்டும். ஆள வந்த துரைமார் பலர் இந்த மண்ணில் முதன்முதலாக ஏறிய வாகனம் நம்மவர் தோள்தான். ரயிலும் இல்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் விட்டதே 1856 ஜூலை 1-ல்தான். குடலில் பாதியைக் கப்பலிலும் மீதியைப் படகிலும் கக்கிவிட்டு, தொப்பலாக நனைந்து வந்து நிற்கிற துரைக்கு அந்த நேரத்தில் சாம்ராஜ்யமா வேண்டும்? ஒரு வாளி வெந்நீர், காய்ந்த படுக்கை, மிளகுத் தண்ணீர். இந்த மூன்றும் எவனுக்கு வேண்டும், எப்போது வேண்டும், எவ்வளவு கொடுப்பான் என்று கணக்குப் போட்ட ஆள் ஒரு தமிழர். ரத்தினவேலு முதலியார். போட்ட கணக்கை ஓட்டலாகத் திறந்து, வைத்த பெயர் இம்பீரியல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பம்பாயில் ஜாம்ஷெட்ஜி டாடாவை ஒரு வெள்ளைக்கார ஓட்டலில் உள்ளே விடவில்லை, அந்த ரோஷத்தில் அவர் 1903-ல் தாஜ் மகால் ஓட்டலையே கட்டிவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, கேட்கச் சுகமான கதை. நம் முதலியார் அதற்கு 49 வருடம் முன்பே, ஒருவரோடும் சண்டை போடாமல், ஒரு ரோஷமும் படாமல், ஓட்டலைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். ரோஷப்பட்டிருந்தால் அவருக்கும் ஒரு கதை நின்றிருக்கும். வியாபாரம் மட்டும் செய்கிறவனைச் சரித்திரம் மதிப்பதில்லை.

முதலியார் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில், கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி வேறு வேலையாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் 'வாரிசு இழப்புக் கொள்கை' என்று மனப்பாடம் செய்தோமே, அதன் முதலாளி. எங்கள் ஊர் பாஷையில் சொன்னால், பங்காளி வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக வரப்பைத் தள்ளிப் போடுகிற வேலை. ஜான்சி அப்படித்தான் 1854-ல் போயிற்று. 1855-ல் தஞ்சாவூர் மராத்தியர் வாரிசுக் கணக்கை முடித்தார்கள். அதே ஆண்டு ஆற்காட்டு நவாபும் பிள்ளையில்லாமல் இறந்தார். அவர் பட்டத்தையும் ஒழித்தார்கள்.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். டல்ஹவுசி விஷயத்தில் அது அவ்வளவு நேரம்கூட நிற்கவில்லை. அந்த மனிதருக்கே இரண்டும் பெண்கள். 1860-ல் அவர் கண்ணை மூடியபோது, அவருக்கு ராணியம்மா கொடுத்த மார்க்விஸ் பட்டம் ஆண் வாரிசு இல்லாமல் அப்படியே காலாவதியாகிவிட்டது. ஜான்சியில் கேட்டிருந்தால் சர்க்கரைப் பொங்கல் வைத்திருப்பார்கள், கேட்க அங்கே யாரும் மிச்சமில்லை.

மூத்த பெண் சூசன். 1863-ல் அவரைக் கட்டியவர் ராபர்ட் பூர்க், அயர்லாந்துப் பெரிய வீட்டின் மூன்றாவது பையன். மூன்றாவது பையனுக்குப் பட்டமும் கிடையாது, பண்ணையமும் கிடையாது. அரசியலுக்கோ ராணுவத்துக்கோ சாமியாராகவோ போக வேண்டியதுதான். இவர் அரசியலுக்குப் போனார். மூத்த அண்ணன் மேயோ பிரபு இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்து, 1872-ல் அந்தமான் சிறையைப் பார்வையிடப் போன இடத்தில் ஷேர் அலி என்கிற கைதியின் கத்திக்குப் பலியானவர். அண்ணன் உயிரை விட்ட தேசத்துக்குத் தம்பி 1886-ல் மெட்ராஸ் கவர்னராக வந்தார். அடுத்த வருடம் அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. அதற்காக அவர் எடுத்துக்கொண்ட ஊர்ப் பெயர்தான் கன்னிமாரா.

கவர்னராக அவர் மோசம் என்று சொல்ல மாட்டேன். 1887 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை மெட்ராசில் கூடியபோது பிரதிநிதிகளை அழைத்து விருந்து வைத்தவர். நூலகம் வேண்டும் என்று முனைந்தவர். ராஜாங்கக் காரியங்களில் எல்லாம் சரி. வீட்டுக் காரியம்தான் தகராறு. ஊரே பேசியது, கடைசியில் நீதிமன்றமும் பேசியது.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி கோவித்துக்கொண்டு போவதற்கு ஒரு முறை உண்டு. தகரப்பெட்டியில் நாலு சேலை, இடுப்பில் ஒரு குழந்தை, காலை முதல் பஸ், நேராக அம்மா வீடு. மூன்றாம் நாள் புருசன் அரைக் கிலோ அல்வாவும் நாலு முழம் மல்லிகையுமாக மாமனார் வாசலில் நிற்பான். மச்சான் முகத்தைத் திருப்புவான், மாமியார் மட்டும் காபி கொடுப்பாள், சாயங்கால பஸ்சில் இருவரும் திரும்புவார்கள். இந்த ஏற்பாடு வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனைதான்: அம்மா வீடு பஸ் போகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

சூசன் அம்மாளுக்குப் பிறந்த வீடு ஸ்காட்லாந்து. கப்பலில் மூன்று நான்கு வாரம். போனாலும் அங்கே அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. அதனால் அந்த அம்மாள், கவர்னர் மாளிகையை விட்டு இறங்கி, மவுண்ட் ரோட்டிலேயே கூப்பிடு தூரத்தில் இருந்த ஓட்டலுக்குப் போய் அறை எடுத்துவிட்டார். மெட்ராஸ் வரலாறு பேசுகிற பெரியவர்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சொல்கிற கதை இது. முதலியார் திறந்த அதே ஓட்டல்தான். கை மாறி, 1886 முதல் ஆல்பனி என்கிற பெயரில் நடந்துகொண்டிருந்தது.

நினைத்துப் பாருங்கள். மாகாணத்தின் முதல் சீமாட்டி பெட்டியோடு வந்து வாசலில் இறங்குகிறார். மேனேஜர் என்ன செய்வார்? "எத்தனை நாள் தங்குவீங்க" என்று கேட்க முடியுமா? "ஐயா எப்ப வருவாங்க" என்று கேட்டுத்தான் விட முடியுமா? அறைக்கான பில்லை யார் பெயருக்கு எழுதுவது? அந்த மேனேஜர் பட்ட பாட்டுக்கே ஒரு தனி ஓட்டலுக்கு அவர் பெயரை வைக்கலாம்.

அல்வா வேலை செய்யவில்லை. 27 வருடக் குடித்தனம் நீதிமன்றம் ஏறியது. அன்றைய இங்கிலாந்துச் சட்டம் 1857-ல் எழுதியது. ஆண்பிள்ளைகள் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பெண்டாட்டி தப்புச் செய்தாள் என்று காட்டினால் போதும், புருசனுக்கு விவாகரத்து கிடைக்கும். புருசன் தப்புச் செய்தான் என்றால் அது மட்டும் போதாது. கொடுமையும் செய்தான், அல்லது கைவிட்டு ஓடினான் என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெங்காயம் வாங்கினால் தக்காளியும் வாங்கியே ஆக வேண்டும் என்கிற கடைக்காரன் கதை. சூசன் அம்மாள் இரண்டையும் தராசில் வைத்தார். 1890-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. பிரபு ஐந்து வருடத் தவணை முடியும் முன்பே பதவியை விட்டு, அந்த வருடம் டிசம்பர் 1-ல் கிளம்பிப் போனார். அம்மாள் பிறகு பிரிக்ஸ் என்கிற டாக்டரை மணந்துகொண்டார். பிரபு 1894-ல் ஒரு பணக்கார விதவையை மணந்துகொண்டார். இரண்டு கல்யாணத்திலும் அவருக்குப் பிள்ளை இல்லை. 1902-ல் அவர் செத்தபோது கன்னிமாரா பட்டமும் வாரிசில்லாமல் ஒழிந்தது. மாமனார் தஞ்சாவூருக்கு வைத்த வேட்டு, சுற்றி வந்து மருமகன் வீட்டுக் கூரையில் விழுந்தது.

இனிமேல்தான் வேடிக்கை. கவர்னரின் மானம் கப்பலேறிய அதே 1890-ல், அந்த ஆல்பனியைப் புதுப்பித்துத் திறந்தார்கள். என்ன பெயர் வைத்தார்கள்? கன்னிமாரா!

எனக்கு இந்த ஒன்றுதான் இன்னமும் செரிக்கவில்லை. பெண்டாட்டி கோவித்துக்கொண்டு போய் இறங்கிய கட்டடத்துக்குப் புருசன் பெயரா? சூசன் ஓட்டல் என்று வைத்திருந்தால் நியாயம். அல்லது திறந்த முதலியார் பெயரையாவது வைத்திருக்கலாம். எங்கள் ஜில்லாவைப் பாருங்கள். 1957-ல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் என்று ஆரம்பித்தார். அவர் தலையில் எப்போதும் ஒரு தலைப்பாகை இருக்கும். ஆனந்தத்தையும் விலாசத்தையும் ஜனங்கள் தள்ளிவிட்டு, தலப்பாக்கட்டி என்று பெயரை மாற்றினார்கள். அடுப்படியில் நின்றவரின் தலைத்துணிக்குக் கிடைத்த மரியாதை அது. மெட்ராசில் முதலியாருக்கும் தலைப்பாகை இருந்திருக்கும், ஆனால் அங்கே ஜனங்களா பெயர் வைத்தார்கள்?

அந்த மனைக்கு ஆதியில் உடையவரான பின்னி என்கிற வியாபாரிக்காவது ரோடு மிஞ்சியது. முதலியாருக்கு அதுவும் இல்லை.

1891-ல் ஓட்டலை யூஜின் ஓக்ஷாட் வாங்கினார். ஸ்பென்சர் கம்பெனியின் முதலாளி. அவருக்கு ஓட்டல் மேல் ஒன்றும் காதல் இல்லை. அந்த ஓட்டலோடு சேர்ந்து வந்த நிலத்தின் மேல்தான் கண். மவுண்ட் ரோட்டு முகப்பில் ஸ்பென்சர் கடையைக் கட்டினார். குண்டூசி முதல் பியானோ வரை விற்ற கடை. பின்னால் ஓட்டலும் தன் பாட்டுக்கு நடந்தது. ஸ்பென்சர்காரர்கள் அத்தோடு விடவில்லை. ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகள், ஊட்டியில் சவாய், பெங்களூரில் வெஸ்ட் எண்ட் என்று, வெள்ளைக்காரன் பசியெடுத்தாலோ தூக்கம் வந்தாலோ எங்கே போனாலும் அவர்கள் கல்லாவில்தான் காசு விழும்படி செய்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஜில்லாவும் கதைக்குள் வருகிறது, பின்வாசல் வழியாக. ஸ்பென்சர் கம்பெனிக்குத் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. வேடசந்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் புகையிலை போட்டவர்களுக்குத் தெரியும், அது என்ன பாடு என்று. நாற்று விட வேண்டும், கிணற்றுத் தண்ணீர் கட்ட வேண்டும், கொழுந்தைக் கிள்ள வேண்டும், பக்கக் கிளை வர வர ஒடிக்க வேண்டும். ஒடித்த கையில் பிசின் கருப்பாக ஒட்டிக்கொண்டு ராத்திரி சோறு கசக்கும். பிறகு வெட்டி, வாட்டி, பந்தலில் தொங்கவிட்டு, அம்பாரம் போட்டு, சூடு ஏற ஏறப் பிரித்து மாற்றி அடுக்க வேண்டும். இவ்வளவும் ஆன இலையை ஒருவர் பலகைமேல் வைத்து, நடு நரம்பை உருவி, உள்ளிலையைக் கூட்டி, மேலிலையை ஒரு சுருக்கம் விழாமல் சுற்றி முடித்தால், அது பெட்டிக்குள் படுத்து மெட்ராஸ் போகும். மாடியில் சாய்வு நாற்காலியில் கிடக்கிற துரை அதன் மூக்கைக் கடித்துத் துப்பிவிட்டுப் பற்ற வைப்பார். சர்ச்சிலே திண்டுக்கல் சுருட்டுக்காகத் தவம் கிடந்தார் என்றும் சொல்லிக்கொள்வோம். நான் அதை முழுசாக நம்புவதில்லை. சர்ச்சில் பெயரைச் சொல்லாமல் சுருட்டு விற்றவன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? ஆனால் வேடசந்தூர் இலை உள்ளே போன காலத்தில், அதை விளைவித்தவன் வாசல் தாண்டியிருக்க முடியாது என்பதை மட்டும் முழுசாக நம்புகிறேன்.

அப்புறம் நடந்தவை எல்லாம் கொத்தனார், ஆசாரி சமாச்சாரம். 1930-களில் பழைய கட்டடத்தை ஆர்ட் டெகோ பாணிக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்துப் புதுச் சினிமாக் கொட்டகைகள் மாதிரி வளைவும் வழவழப்புமாக ஒரு முகம் வந்தது. 1974-ல் இலங்கையின் ஜெஃப்ரி பாவா வந்து நீச்சல் குளத்தையும் அதைச் சுற்றி அறைகளையும் சேர்த்தார். நல்ல கட்டடக் கலைஞர், மரத்தை வெட்டாமல் வீடு கட்டத் தெரிந்த மனிதர். 1980-களில் முன்னால் இருந்த பழைய ஸ்பென்சர் கட்டடம் எரிந்துபோய், அந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழும்பியது. 1984-ல் ஓட்டல் தாஜ் குழுமத்தின் கைக்கு வந்தது. உள்ளே விடவில்லை என்று ரோஷப்பட்டதாகச் சொல்கிற டாடாவின் வழிவந்தவர்கள், ரோஷமே படாத முதலியாரின் ஓட்டலுக்கு வந்து சேர இத்தனை வருடம் ஆயிற்று. நடுவில் சில ஆண்டுகள் பெயருக்கு முன்னால் விவாந்தா என்று ஒட்டிப் பார்த்தார்கள். எண் கணிதக்காரன் சொன்னான் என்று பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டுகிற எங்கள் ஊர் மில்காரர் மாதிரி. அது நிற்கவில்லை. 2016-ல் மூடிப் பழுது பார்த்து, 2018-ல் திறந்தபோது பழையபடி தாஜ் கன்னிமாரா.

செட்டிநாட்டுச் சமையலுக்கென்று உள்ளே ஓர் உணவகம் உண்டு. பெயர் ரெயின்ட்ரீ. தமிழில் அது தூங்குமூஞ்சி மரம். தமிழில் போர்டு எழுதினால் கோழி வறுவல் விற்காது என்பது உண்மைதான். இந்த ஒரு விஷயத்தில் நான் மொழிபெயர்ப்புக்காகப் போராட மாட்டேன்.

நான் போன அன்று முகப்புக் கூடத்தில் நுழைந்ததும் ஒரு சங்கடம். சுவரில் கோயில் பாணியில் சிற்ப வரிசை. யாளி, தேவர்கள், தூண் வேலைப்பாடு. பளிங்குத் தரை ஜில்லென்று கிடக்கிறது. கை தானாகச் செருப்பைக் கழற்றப் போய்விட்டது. பக்கத்தில் வந்தவர் முழங்கையால் இடித்திருக்காவிட்டால், மவுண்ட் ரோட்டின் ஐந்து நட்சத்திர ஓட்டலில் வெறுங்காலோடு பிரதட்சிணம் செய்த முதல் நெய்க்காரப்பட்டிக்காரன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

ஊருக்கு வந்து அமுச்சியிடம் எல்லாக் கதையையும் சொன்னேன். டல்ஹவுசியை அவள் கண்டுகொள்ளவில்லை. ஓக்ஷாட் வரும்போது தூங்கிவிட்டாள். சூசன் அம்மாள் பெட்டியோடு இறங்கிய இடத்தில் மட்டும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ளை கெட்டிக்காரி. அவன் திரும்பக் கூப்புட்டானா?"

"இல்லீங். கோர்ட்டுக்குப் போயிட்டாங்க."

"அப்பறம் எதுக்கு அவன் பேரு?"

பதில் சொல்லத் தெரியாமல், சுவரில் சிற்பம் இருக்கிற சங்கதியைச் சொல்லிச் சமாளித்தேன். அமுச்சி முகம் மலர்ந்தது. "அதான் அப்பவே சொன்னனே, உள்ளாற கல்லு இருக்கும்னு" என்றாள். எங்கள் தெருவில் இப்போது அது கன்னிமார் ஓட்டல்தான். பிரபுவிடமிருந்து பெயரைப் பறித்த பெருமை அமுச்சியைச் சேரும்.

கடைசியாக, சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரபு 1890 மார்ச் 22-ல் அடிக்கல் நாட்டிவிட்டுப் போன நூலகம் 1896-ல் எழும்பூரில் திறந்தது. அதற்கும் அவர் பெயர்தான். ஆகவே ஆட்டோவில் ஏறி வெறுமனே "கன்னிமாரா" என்று சொன்னால், உங்கள் சட்டையைப் பார்த்துவிட்டு நேராக நூலக வாசலில் இறக்கிவிடுவார். ஓட்டலுக்குத்தான் போக வேண்டும் என்றால் பின்னி ரோடு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.